கருங்கழுகு ஏறும் நேரம்

பறவைகளைப் பார்ப்பதும் படம் பிடிப்பதும் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்றே எம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் பதுளை மாவட்டத் தோட்டங்களில் கருங்கழுகைத் தினமும் காண்பவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்களே. சமூகப் பணிக்காகப் பசறைப் பக்கம் போய்வரும் எனக்கு அதைக் காட்டித் தந்தவர்களும் அவர்கள்தான்.

"முதல் நிறுவை முடியட்டும் மிஸ், அப்பத்தான் மேல ஏறும்" என்பார்கள். அது சரியே. வெயில் பட்டு மலைச்சரிவு சூடாகும்போது காற்று மேலெழுகிறது. அந்தக் காற்றைப் பிடித்துத்தான் பெரிய கழுகுகள் சிறகடிக்காமல் வட்டமிடுகின்றன.

கருங்கழுகின் உடல் கரியது, கால்கள் மஞ்சள். சிறகு நுனியிலுள்ள இறகுகள் விரித்த விரல்கள் போலிருக்கும். கீழே நின்று படமெடுத்தால் வெறும் நிழலாகத்தான் விழும். தேயிலை மலையின் உச்சி வரிசையில் நின்றால், அது எமக்குக் கீழே பள்ளத்தாக்கில் மிதந்து போகும். அப்போது அதன் முதுகில் வெயில் படுவதால் சாதாரணக் கமெராவிலும் தெளிவான படம் கிடைக்கும்.

ஆண்டு முழுவதும் இங்கேயே வாழும் பறவை இது. எனினும் பருவத்துக்குப் பருவம் காட்சி மாறுகிறது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வறண்ட காற்று வீசும். பத்தனைப் புல் காய்ந்துவிடும். ஒக்டோபரில் மழை தொடங்கினால், பனிமூட்டம் விலகும் சிறு இடைவெளியில்தான் பார்க்கலாம். அந்நாட்களில் வடக்கேயுள்ள குளிர் நாடுகளிலிருந்து சிறிய வல்லூறுகளும் வந்து, வெயில் காலம் வரத் திரும்பிவிடும். மழை ஓய்ந்ததும் கருங்கழுகுச் சோடி சிறகை மடக்கிச் செங்குத்தாகப் பாய்ந்து, மறுபடி மேலேறி விளையாடும். பிறகு உயர்ந்த மரமொன்றில் கூடு கட்டும். பெரும்பாலும் ஒரேயொரு முட்டைதான்.

கோழிக்குஞ்சு வளர்ப்பவர்களுக்குக் கழுகென்றாலே கோபம். ஆனால் எலியையும் அவை பிடிக்கின்றன. குஞ்சுகளைக் கூடையால் மூடலாம். மேலே பழைய வலையைக் கட்டலாம். நஞ்சு வைத்தால் எமது நாயும் பிள்ளையும்கூட ஆபத்தில் விழும். 1937 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இப்பறவைகளைக் கொல்வதைத் தடுக்கிறது.

1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து பலர் வன்னிக்குப் போனார்கள். அப்படிப் போன குடும்பத்தில் வளர்ந்த ஓர் அக்கா, யுத்தம் முடிந்த 2009 இன் பின் தன் சித்தியின் லயக் காம்பராவுக்கு வந்து சேர்ந்தார். கழுகின் நிழல் தேயிலைச் செடிகள் மேல் ஓடினால் போதும், அப்படியே குந்திவிடுவார். அண்ணாந்து பார்ப்பதேயில்லை. வானத்திலிருந்து அவருக்கு என்ன வந்ததென்று, இதை வாசிக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஒருநாள் கமெராத் திரையில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "தங்கச்சி, இடப்பக்கச் செட்டையில ஒரு இறகு இல்லை, பாருங்கோ" என்றார். அதன் பின் அந்த இடைவெளியை வைத்தே, வருவது அதே கழுகுதானா என்று நாங்கள் அடையாளம் கண்டோம். சில மாதங்களில் புது இறகு முளைத்து இடைவெளி மூடிவிட்டது. அந்தச் செய்தியை எனக்குச் சொன்னவர் அவரே. மேலே பார்க்காமல் அதைச் சொல்லியிருக்க முடியாது.

அவருடைய பயம் தீர்ந்துவிட்டதென்று சொல்லமாட்டேன். ஹெலிகொப்டர் சத்தத்துக்கு இன்றும் கை நடுங்குகிறது. ஆனால் வானத்தில் வருவதெல்லாம் ஒன்றல்ல என்று பிரித்தறிய அவரால் முடிகிறது. அது சிறிய விடயமல்ல.

சகோதரிகளே, இதற்குக் கமெரா கட்டாயமில்லை. பழைய கொப்பியொன்றில் திகதி, நேரம், கண்ட பறவை, அது என்ன செய்தது என்று எழுதி வாருங்கள். முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் களப்போரம் செம்பருந்து பறக்கிறது. பிராந்து என்றோ கருடன் என்றோ உங்கள் ஊர்ப் பெயரிலேயே எழுதுங்கள். ஒரு வருடம் எழுதினால், உங்கள் ஊர் வானத்தின் பருவங்கள் உங்கள் கையெழுத்தில் இருக்கும்.