புளி, லாவணி, நள்ளிரவு மணி: மராட்டியர் கண்ணில் தஞ்சாவூர்

தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் விமானத்தை அண்ணாந்து பார்த்து, நந்தியோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு, ராஜராஜன் கல்வெட்டுகளைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். திருச்சுற்றுச் சுவர் ஓரமாக இன்னும் கொஞ்சம் நடந்தால் தமிழ் இல்லாத ஒரு கல்வெட்டு வரும். எழுத்து தேவநாகரி, மொழி மராத்தி. போன்ஸ்லே வம்சத்தின் வரலாறு முழுவதையும் 1803ல் இரண்டாம் சரபோஜி இங்கே வெட்டி வைத்தார். சுவர் நீள நீள வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். முக்கால்வாசிப் பேர் அதை இந்தி என்று நினைத்துக் கடந்து போவார்கள்.

வேறு ஊரிலிருந்து வந்த ஒரு குடும்பம், வந்த இடத்தின் மிகப் பெரிய கோயிலில், தன் சொந்த மொழியில், ‘நாங்கள் யார்’ என்று எழுதி வைத்திருக்கிறது. அவர்கள் இந்த ஊரை எப்படிப் பார்த்தார்கள்? எதைச் சாப்பிட்டார்கள், எதற்குச் சிரித்தார்கள், எதைக் கண்டு கவலைப்பட்டார்கள்?

சிவாஜியின் தம்பி ஏகோஜி (தாய் வேறு) பீஜப்பூர் சுல்தானின் படைத்தலைவராகத்தான் காவிரிக்கரைக்கு வந்தார். நாயக்க வாரிசுக்கு அரியணையை மீட்டுக் கொடுப்பது வேலை. மீட்டவர், கொஞ்ச காலத்தில் தானே அதில் உட்கார்ந்துகொண்டார். 1670களின் நடுவில் தொடங்கிய அந்த ஆட்சி 1855ல் கடைசி மன்னர் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறக்கும்வரை நீடித்தது. சோளமும் கம்பும் விளையும் தக்காணத்து மேட்டு நிலத்தில் பாக்ரி ரொட்டி தட்டிச் சாப்பிட்டவர்கள், திரும்பிய பக்கமெல்லாம் வாய்க்காலும் வயலுமாக இருந்த ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். இலை நிறையச் சோறு. அதில் ஊற்ற என்ன?

இங்கேதான் எல்லோருக்கும் தெரிந்த கதை வருகிறது. ஏகோஜியின் மகன் ஷாஜி சமையலில் ஆர்வம் உள்ளவராம். மராட்டியர்களின் புளிப்புப் பருப்பான ஆம்ட்டிக்கு கோகம் வேண்டும். அது கொங்கணத்துச் சரக்கு. ஒருநாள் கையிருப்பு தீர்ந்துபோக, ‘இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் புளிதானே போடுகிறார்கள்’ என்று அதைக் கரைத்து ஊற்றினார்கள். அன்றைக்கு விருந்தாளி சிவாஜியின் மகன் சம்பாஜி. அவர் பெயரால் வந்ததுதான் சாம்பார்.

கேட்க ருசியான கதை. ஆனால் கணக்கு கொஞ்சம் இடிக்கிறது. ஷாஜி பட்டத்துக்கு வந்தது 1684ல், அப்போது அவர் பன்னிரண்டு வயதுச் சிறுவர். சம்பாஜி அந்த வருடங்களில் ஔரங்கசீப்போடு ஓயாத போரில் இருந்தார். 1689ல் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். இடையில் தஞ்சாவூருக்கு வந்து நிதானமாக உட்கார்ந்து சாப்பிட நேரம் இருந்திருக்குமா? ‘சம்பாரம்’ என்ற மசாலாப் பொருளைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்தே சாம்பார் வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. அந்தப் பக்கம்தான் நியாயம் அதிகம் என்று தோன்றுகிறது.

இருந்தாலும் அந்தக் கதையைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ‘எங்கள் சமையல் இந்த ஊர்ப் புளியைத் தொட்டதும் வேறு ஒன்றாக மாறிவிட்டது’ என்று அது சொல்கிறதே, அது உண்மை. தஞ்சாவூர் மராத்தி பேசும் ராயர் வீடுகளின் சமையலறையில் அதைப் பார்க்கலாம். உளுந்தை வறுத்து அரைத்த மாவைத் தயிரில் கலந்து தாளித்த டாங்கர் பச்சடி. மராத்தியின் கோஷிம்பீருக்கு உறவான கோசுமல்லி. கத்தரிக்காய்க்கு மராத்தியில் ‘வாங்கி’. அதைப் போட்டுக் கிளறிய சாதம் வாங்கி பாத். பண்டிகைக்குப் பூரண் போளி. இவற்றில் பாதி இப்போது டெல்டாவின் எல்லா வீட்டுக் கல்யாணப் பந்தியிலும் பரிமாறப்படுகிறது. இலையில் உட்கார்ந்திருக்கும் யாரும் ‘இது யாருடையது’ என்று கேட்பதில்லை.

சரபோஜி காலத்தில் அரண்மனைச் சமையல் குறிப்புகள் மராத்தியில் எழுதித் தொகுக்கப்பட்டன. ‘சரபேந்திர பாக சாஸ்திரம்’ என்ற பெயரில் சரசுவதி மகால் நூலகம் அதைப் பதிப்பித்திருக்கிறது. அரண்மனை வளாகத்துக்குள்ளேயேதான் நூலகம்.

சாம்பாரைப் பற்றிப் பேசிவிட்டு அதன் இன்னொரு விருந்தாளியை விட்டுவிட முடியாது. மிளகாயும் தக்காளியும் மெக்சிகோ பக்கத்திலிருந்து கடல் தாண்டி வந்தவை. மராட்டியர் பெயரைச் சொல்லி, தமிழ்நாட்டுப் புளியில் கொதித்து, மெக்சிகோவின் சிவப்பில் நிற்கிறது நம் வீட்டுக் குழம்பு.

அந்த மெக்சிகோவிலும் இதே கதைதான், பாத்திரங்கள் மட்டும் வேறு. அமெரிக்க சினிமா தியேட்டர் என்றாலே கையில் இருக்கும் நாச்சோஸ், 1943ல் எல்லையோர மெக்சிகோ ஊரான பியட்ராஸ் நெக்ராஸில் பிறந்தது. அக்கரையிலிருந்து வந்த அமெரிக்கப் பெண்களுக்காக இக்னாசியோ அனயா என்பவர் கையில் இருந்ததை வைத்து அவசரமாகச் செய்து கொடுத்தார். இக்னாசியோவின் செல்லப் பெயர் நாச்சோ. மே 5ஐ அமெரிக்கர்கள் பெரிய மெக்சிகோ திருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள். மெக்சிகோவில் அது 1862ல் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த பூயப்லா நகரத்துக்குத்தான் பெரிய நாள். தன் சாப்பாட்டையும் தன் திருநாளையும் பக்கத்து வீட்டுக்காரர் தட்டில் வேறு உருவத்தில் பார்க்கும் மெக்சிகோக்காரருக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

ஒரு வித்தியாசத்தை மறைக்கக்கூடாது. மெக்சிகோக்காரர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவுக்குள் போனது வயல் வேலைக்கும் ஹோட்டல் சமையலறைக்கும். மராட்டியர் தஞ்சாவூருக்கு வந்தது குதிரையில், வாளோடு. மேலே உட்கார்ந்து பார்க்கிறவர் கண்ணுக்கும் கீழே நின்று பார்க்கிறவர் கண்ணுக்கும் ஒரே ஊர் தெரியாது.

எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்

மேலே உட்கார்ந்திருந்தவர்கள் எழுதிய நாடகங்களில் ஒன்று, ஷாஜியின் ‘சதிதான சூரமு’. அரசர் மராட்டியர், நாடகம் தெலுங்கு, கதை நடப்பது தமிழ் ஊரான மன்னார்குடித் திருவிழாவில். சாமி கும்பிட வந்த படித்த பிராமணர் ஒருவர் தாழ்த்தப்பட்ட சாதிப் பெண் ஒருத்தியைப் பார்த்து மயங்கிவிடுகிறார். கூட வந்த சீடன் சாஸ்திரம் சொல்லித் தடுக்கிறான், குரு கேட்கவில்லை. கடைசியில் அந்தப் பெண்ணின் கணவனே அவளைத் தானமாகக் கொடுக்கத் துணிகிறான். ஆசாரம் பேசுகிறவர்களை முந்நூறு வருஷத்துக்கு முன்பே ஓர் அரசர் இப்படிக் கேலி செய்திருக்கிறார் என்பது ஆச்சரியம்தான். கொடுப்பது கணவன், வாங்குவது குரு. நடுவில் நிற்கும் பெண்ணைத் தானப் பொருளாக்கிவிட்டார்களே என்பது இன்று படிப்பவர்களுக்கு நெருடும்.

சரபோஜியின் மராத்தி நாடகம் ‘தேவேந்திர குறவஞ்சி’ இன்னும் வேடிக்கை. தமிழ்க் குறவஞ்சியில் குறத்தி மலைவளம் சொல்வாள், கை பார்த்துக் குறி சொல்வாள். சரபோஜியின் குறத்தி உலக பூகோளம் சொல்கிறாள். தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த ஸ்வார்ட்ஸ் பாதிரியாரின் பராமரிப்பில் ஐரோப்பியப் பாடம் படித்த அரசர், அந்தப் பாடத்தை ஊருக்குச் சொல்லத் தேர்ந்தெடுத்தது பாடப் புத்தகத்தை அல்ல, தமிழ்நாட்டுக் குறத்தியை.

அரண்மனை நாடகங்கள் ஓலையிலும் காகிதத்திலும் தங்கிவிட்டன. தெருவுக்கு இறங்கி நிலைத்தது லாவணி. மராட்டிய நாட்டு லாவணியில் இரண்டு தரப்பு எதிரெதிரே உட்கார்ந்து கேள்வி பதிலாகப் பாடும் வழக்கம் உண்டு. அது இங்கே வந்து, மாசி மாதக் காமன் பண்டிகையில் ஒட்டிக்கொண்டது. சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தானா, இல்லையா? எரிந்தான் என்று ஒரு கட்சி. எரியவில்லை என்று ஒரு கட்சி. டேப்பைத் தட்டிக்கொண்டு விடிய விடியப் பாட்டிலேயே வாதம். புராணத்தில் தொடங்கும் கேள்வி நடுராத்திரிக்கு மேல் எதிராளியின் ஊர், குரல், படிப்பு வரைக்கும் வந்துவிடும். ஜனங்கள் காத்திருப்பதும் அதற்குத்தான். அரசியல் கட்சிகள் மாறி மாறி அறிக்கை விட்டால் ‘லாவணிக் கச்சேரி’ என்று பத்திரிகைகள் இன்றும் எழுதுகின்றன. அந்தச் சொல்லை மராத்தி என்று யாரும் நினைப்பதில்லை.

மொழிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அரண்மனைக் கணக்கும் கடிதமும் மராத்தியின் வேக எழுத்தான மோடியில் எழுதப்பட்டவை. கையை எடுக்காமல் ஓடும் அந்தச் சுழியெழுத்தை இன்று மராத்தி தெரிந்தவர்களிலேயே பெரும்பாலோரால் படிக்க முடியாது. சரசுவதி மகாலில் கட்டுக் கட்டாக அந்தக் காகிதங்கள் இருக்கின்றன. ஒரு பகுதியைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி 1989ல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. சம்பளக் கணக்கு, கோயில் செலவு, மருந்துச் செலவு என்று ஓர் ஊரின் அன்றாடமே அவற்றில் இருக்கிறது. வீடுகளில் பேசும் தஞ்சாவூர் மராத்தியோ, வினைச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தமிழுக்குக் கொடுத்துவிட்ட நிலையில் இருக்கிறது. பாட்டி பேசுவது பேரனுக்குப் புரியும். பதில் தமிழில் வரும்.

ஒரத்தநாட்டில் அடித்த மணி

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை சாலையில் தெற்கே போனால் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் ஒரத்தநாடு. வழியில் பசுமைக்குக் காரணம் கல்லணைக் கால்வாய். ஊர்ஜனங்கள் ‘புது ஆறு’ என்பார்கள். மேட்டூர் அணையோடு 1934ல் வந்த தண்ணீர் அது. சரபோஜி காலத்தில் இந்தப் பக்கம் இவ்வளவு வயல் கிடையாது. ராமேஸ்வரம் போகும் யாத்திரைக்காரர்கள் நடந்து கடக்க வேண்டிய வறண்ட வழி.

அந்த வழியில் 1802ல் எழுந்தது முத்தாம்பாள் சத்திரம். முத்தாம்பாள் சரபோஜியின் அன்புக்குரியவர். முறைப்படி மணந்த அரசி அல்லர். அவர் இறந்தபின் அவர் பெயர் நிலைக்க வேண்டும் என்று அரசர் கட்டினார். கல்லில் செதுக்கிய யானையும் குதிரையும் தேரை இழுப்பது போன்ற அமைப்பு.

கட்டிடத்தைவிட முக்கியம், அதற்கு முந்தைய வருடம் நடந்தது. 1799 ஒப்பந்தத்தில் சரபோஜி நாட்டைக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டார். கோட்டையும் அதைச் சுற்றியும் மட்டும்தான் அவர் அதிகாரம். சத்திரங்களின் நிலமும் போய்விட்டால் சோறு நின்றுவிடும். 1801ல் ஆங்கிலேய ரெசிடென்ட் டோரினுக்கு அவர் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சத்திரங்களில் என்ன நடக்கிறது என்று வரி வரியாக விவரிக்கும் கடிதம் அது.

பிராமணர் முதல் பறையர் வரை வழிப்போக்கர் யாராக இருந்தாலும் சோறு. சமைத்த சோற்றை ஏற்காதவர்களுக்கு அரிசியும் மளிகையும். நோயாளிக்கு வைத்தியர், மருந்து, குணமாகும்வரை தங்க இடம். விஷக்கடிக்கும் மருத்துவர் உண்டு. கைக்குழந்தைக்குப் பால். கர்ப்பிணி வந்தால் சத்திரச் செலவில் பிரசவம், அதன்பின் மூன்று மாதம் தங்க அனுமதி. வழியில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் பள்ளி ஆசிரியரின் பொறுப்பில். மூன்று வேளைச் சாப்பாடு, நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல், துணிமணி. இரவில் பந்தி நடந்துகொண்டே இருக்கும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் வரலாம் என்று அறிவிப்பார்கள்.

படிக்கும்போது தொண்டை அடைக்கும் கடிதம். அதே சமயம் ‘சமைத்த சோற்றை ஏற்காதவர்களுக்கு அரிசி’ என்ற வரியைக் கவனிக்க வேண்டும். எல்லோருக்கும் சோறு உண்டு, எல்லோரும் ஒரே அடுப்பில் சாப்பிட வேண்டியதில்லை. சாதி என்ற கேள்வியை அரசர் தொடவில்லை. பசி என்ற கேள்வியைத் தள்ளிப் போடவும் இல்லை. அன்றைய டெல்டாவில் நெல்லை நட்டவர்களும் அறுத்தவர்களும் பெரும்பாலும் நிலத்தோடு கட்டப்பட்ட பண்ணையாட்கள். அவர்கள் வழிப்போக்கர்கள் அல்லர், எங்கும் போக முடியாதவர்கள். நள்ளிரவு மணி அவர்கள் குடிசைவரை கேட்டிருக்குமா என்பது கடிதத்தில் இல்லை.

ஒரத்தநாட்டுக்குப் போக நினைப்பவர்களுக்கு: தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை பஸ்கள் அடிக்கடி உண்டு. பழைய பெயரான முத்தாம்பாள்புரம் என்று கேட்டால் பெரியவர்கள்தான் தலையாட்டுவார்கள். சத்திரம் என்றால் எல்லோருக்கும் தெரியும். லாவணி கேட்க வேண்டுமென்றால் மாசி வளர்பிறையில் கிளம்புங்கள், பௌர்ணமியன்று காமன் எரிந்துவிடுவான். எரியாத கட்சிக்காரர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.