வன்னியிலே ஓர் இசையிரவு

ஆசிரியத் தொழிலில் இருப்பவனுக்குக் கிடைக்கும் அழைப்புகளுள் மிக இனிமையானது பழைய மாணவனின் திருமண அழைப்பு. சென்ற ஆவணி மாதத்திலே முள்ளியவளையிலிருந்து எனக்கு அத்தகைய அழைப்பொன்று வந்தது. மணமகன் யாழ்ப்பாணத்திலே என்னிடம் தமிழ் படித்தவன். அழைப்பிதழின் அடியிலே, மாலை வரவேற்பின்போது ‘டிஜே இசை’ நடைபெறும் என்று அச்சிட்டிருந்தார்கள். அதைக் கண்டதும் என் முகம் சற்றுச் சுளித்தது. பிறர் பாடிய பாட்டைப் பொத்தானை அழுத்தி ஒலிக்கவிட்டுக் கூட்டத்தின் காதைச் செவிடாக்குவதும் ஒரு கலையா என்பதே அன்றுவரை என் எண்ணமாக இருந்தது. அவ்வெண்ணத்தோடு போனவன் வேறோர் எண்ணத்தோடு திரும்பிய கதையையே இங்கு சொல்லப்போகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட பஸ் வண்டி ஆனையிறவைக் கடந்து பரந்தனை அடைந்ததும், கண்டி வீதியை விட்டுக் கிழக்கு நோக்கித் திரும்பியது. சிறுபோக அறுவடை முடிந்த வயல்களிலே மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கொக்குகள் இரை தேடிக்கொண்டிருந்தன. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளமே இப்பகுதி வயல்களுக்கு உயிர். சிறிது தூரத்திலே முரசுமோட்டை வந்தது. பெயரிலேயே முரசைச் சுமந்துகொண்டிருக்கும் ஊர்! இசையிரவுக்குப் போகிறவனுக்கு இதைவிட நல்ல சகுனம் வேறென்ன வேண்டுமென்று எனக்குள்ளே நகைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்த நகைப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலே இலட்சக்கணக்கான மக்கள், கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு, எறிகணைகளின் முழக்கம் பின்னே துரத்த, இந்தத் திசையிலேதான் நடந்தார்கள். அவ்வாண்டு மே மாதத்திலே போர் முடிந்தபோது அவர்களுள் எத்தனையோ பேர் உயிரோடில்லை. இன்று கடைகளும் பாடசாலைகளும் வீடுகளும் மீண்டும் எழுந்திருக்கின்றன. எனினும் வட்டுவாகற் பாலத்தை நெருங்கி, நந்திக்கடலின் நீர்ப்பரப்புக் கண்ணிற் பட்டபோது, வண்டிக்குள்ளே பேச்சு அடங்கிவிட்டது. என் பக்கத்திலிருந்த முதியவர் கைகூப்பினார். யாரை நினைத்தார் என்று நான் கேட்கவில்லை.

முள்ளியவளைத் திருமண வீட்டை அடைந்தபோது மாலை நாலு மணி. முற்றத்துப் பந்தலின் ஒரு மூலையிலே மேசை போட்டு, கம்பிகளைப் பூட்டிக்கொண்டிருந்த இளைஞன் என்னைக் கண்டதும் எழுந்து ஓடி வந்தான். “சேர், என்னை நினைவிருக்கா?” என்று கேட்டான். மறக்க முடியுமா? வகுப்பிலே பின்வரிசையிலிருந்து ஓயாமல் மேசையில் தாளம் போட்டதற்காகப் பலமுறை என்னால் வெளியே நிறுத்தப்பட்டவன் அவன். விசுவமடுவிலே பிறந்தவன்; இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, பின்னர் யாழ்ப்பாணத்துக்கு வந்து படித்தவன். அவனே அன்றைய டிஜே.

மேசைமேல் இருந்த கருவியைக் ‘கொன்ட்ரோலர்’ என்றான். நீளத்திலே ஆர்மோனியப் பெட்டியை ஒக்கும்; உயரமோ நாலு விரற்கடைதான். இடமும் வலமுமாக இரண்டு வட்டத் தட்டுகள். நடுவிலே மேலும் கீழும் தள்ளும் குமிழ்கள். அவற்றுக்கு மேலே திருகும் குமிழ்கள். பாட்டுகளெல்லாம் பக்கத்திலிருந்த மடிக்கணினியிலே இருக்கின்றன. அவற்றை எப்போது தொடங்குவது, எவ்வளவு வேகத்தில் ஓட்டுவது, எந்த ஒலியை ஏற்றுவது, எதை இறக்குவது என்ற கட்டளைகளையே இந்தப் பெட்டி இடுகிறது.

வேலையின் சூட்சுமத்தை அவனே எனக்கு விளக்கினான். இடப்பக்கத்துப் பாட்டுச் சபைக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, வலப்பக்கத்துப் பாட்டு அவன் காதில் மாட்டிய ஹெட்போனிலே மாத்திரம் கேட்கும். இரண்டின் வேகத்தையும் அவன் ஒன்றாக்க வேண்டும். வேகம் என்பது நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற கணக்கு. மேனாட்டு ஆடலிசையிற் பெரும்பகுதி நிமிடத்துக்கு 120 முதல் 130 அடி வரையில் நடக்கும். அடிகள் நாலு நாலாகக் கூடி, எட்டாய், பதினாறாய், முப்பத்திரண்டாய் வளரும். அந்தக் கட்டு முடியும் இடத்திலேதான் புதிய பாட்டு உள்ளே வர வேண்டும். நமது ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களை எண்ணிப் பழகிய கை இதை எளிதிற் பிடித்துக்கொள்ளும். இரண்டு பாட்டின் அடித்தொனிகளும் ஒருங்கே முழங்கினால் ஒலி கலங்கிப்போகும். ஆகையால், வருகிற பாட்டின் அடித்தொனியை ஏற்றும்போதே போகிற பாட்டின் அடித்தொனியைக் குறைத்துவிட வேண்டும்.

“அப்பா துருசு திறக்கிறதைப் பார்த்துப் பழகினதுதான், சேர். ஒரு வாய்க்காலை மூடித்தான் மற்ற வாய்க்காலுக்குத் தண்ணி விடவேணும்” என்றான் அவன். வன்னி விவசாயியின் மகன் சொன்ன அந்த உவமை எனக்கு நன்றாக விளங்கிற்று.

இந்தக் கலையின் பிறப்பும் சுவையான கதைதான். 1973ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் திகதி, நியூயோர்க் நகரின் பிரொங்ஸ் பகுதியிலே, ஜமேக்காவிற் பிறந்த கூல் ஹேர்க் என்ற இளைஞர், தம் சகோதரி நடத்திய விருந்திலே இசைத்தட்டுகளை இயக்கினார். பாட்டு முழுவதற்கும் சும்மா நிற்கும் இளைஞர்கள், இடையிலே பறைகள் மாத்திரம் தனித்து ஒலிக்கும் சில நொடிகளுக்குத் துள்ளி ஆடுவதை அவர் கவனித்து வைத்திருந்தார். ஆகவே, ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு கருவிகளிலே வைத்து, ஒன்றிலே அப்பகுதி முடியும்போது மற்றதிலே தொடங்கி, அச்சில நொடிகளை நீட்டிக்கொண்டே போகும் வழியைக் கண்டார். இந்தக் கண்டுபிடிப்புக்குக் காரணம் கருவியன்று. ஆடுவோரின் கால்களை ஒருவர் ஊன்றிப் பார்த்ததுதான்.

நமது நாட்டுக்கும் இது முற்றிலும் புதிதன்று. இசைத்தட்டைத் தெரிந்தெடுத்து, அடுத்ததற்கு நயமாகப் பாலமிட்டு, கேட்போரின் மனநிலையைத் தம் கையில் வைத்திருக்கும் வித்தையை இலங்கை வானொலியிலே எஸ். பி. மயில்வாகனம் அவர்களும் அவருக்குப் பின் வந்தோரும் செய்து காட்டினார்கள். தமிழ்நாட்டு வீடுகளிலும் அவர்கள் குரலுக்காகக் காத்திருந்தவர்கள் பலர். அதற்கும் முன்னே நமது கோயில் வீதிகளிலே தவில் இருந்தது. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975) அவர்கள் வாசிக்கும்போது, கூட்டம் எங்கே மூச்சைப் பிடிக்கும், எங்கே ஆரவாரிக்கும் என்பதை அவருடைய விரல்களே தீர்மானித்தன என்று என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். முள்ளியவளையோ கோவலன் கூத்துக்குப் பெயர்பெற்ற மண். அங்கே ஆட்டத்தை எழுப்புவதும் அமர்த்துவதும் அண்ணாவியாரின் பொறுப்பு.

ஆறரை மணிக்கு வரவேற்புத் தொடங்கியது. முதல் ஒரு மணிநேரம், பேச்சுக்கும் சாப்பாட்டுக்கும் இடையூறில்லாத மெல்லிய பாட்டுகளே ஒலித்தன. பிறகு நித்தி கனகரத்தினம் பாடிய ‘சின்ன மாமியே’ எழுந்தது. 1960களின் பிற்பகுதியிலே தமிழ்ப் பொப் இசைக்கு வித்திட்டவர் அவர். அப்பாட்டைக் கேட்டதும் கதிரைகளில் இருந்த பெரியவர்களின் முகங்கள் மலர்ந்தன. மணமகனின் பெரிய தந்தையார் சால்வையை இடுப்பிற் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். அவரைக் கண்டு சிறுவர்கள் வந்தார்கள். சிறுவர்களைப் பிடிக்கத் தாய்மார் வந்தார்கள். பைலா, திரையிசை, குத்துப்பாட்டு என்று வேகம் படிப்படியாக ஏறியது. மூன்று பாட்டு வேகமாக ஓடினால், நாலாவது பாட்டு மூச்சுவிட இடந்தந்தது. எதைப் பார்த்து இதையெல்லாம் முடிவு செய்கிறாய் என்று அவன் காதருகே கேட்டேன்.

“காலைப் பாத்துத்தான், சேர். முகம் பொய் சொல்லும். கால் பொய் சொல்லாது.”

ஏறக்குறைய எட்டரை மணியளவிலே அந்தச் சம்பவம் நடந்தது. அப்போது ஓடிய பாட்டிலே ஓரிடத்தில் எல்லா ஒலியும் சட்டென நின்று, ஒருகணம் வெறுமையாகி, பின் பெருமுழக்கத்தோடு அடித்தொனி விழுந்தது. இளைஞர்கள் ஆர்ப்பரித்தார்கள். அதே கணத்திலே, பந்தலின் கடைசி வரிசையிலிருந்த ஆச்சி ஒருவர், மடியிலிருந்த பேரப்பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, வீட்டுச் சுவரோரமாகப் போய் ஒடுங்கிவிட்டார். நூறு பேர் இருந்த சபையிலே அதைக் கண்டவர்கள் இருவரே. அவனுக்குப் பின்னர்தான் நான் கண்டேன். என் பார்வை திரும்புமுன்னரே அவன் கை திருகு குமிழில் இருந்தது. பாட்டு நிற்கவில்லை, வேகமும் குறையவில்லை. ஆனால் நெஞ்சை இடிக்கும் அந்த முழக்கம் கரைந்து, மேலே மெட்டும் கைத்தட்டலும் மாத்திரம் எஞ்சின. அடுத்த பாட்டிலே நாதசுவரம் வந்தது. ஆடியவர்கள் எந்த மாற்றத்தையும் உணராமல் ஆடிக்கொண்டேயிருந்தார்கள். சிறிது நேரத்தில் ஆச்சியும் மெல்ல வந்து தம் கதிரையில் அமர்ந்தார்.

தாழ்ந்த தொனி சுவரையும் கூரையையும் ஊடுருவுவது. காதாற் கேட்பதற்கு முன் உடலால் உணரப்படுவது. தூரத்து எறிகணையும் அவ்வாறே வந்தது என்பதை வன்னி மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. பின்னர் அவனிடம் இதைப்பற்றிக் கேட்டபோது, “அந்த ஆச்சிக்கு அது பாட்டில்லை, சேர். சின்னனிலை எனக்கும் அப்பிடித்தான் இருந்தது” என்று மட்டும் சொன்னான். பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகள் வீட்டுக்கு முதுகைக் காட்டி வயலை நோக்கி வைக்கப்பட்டிருந்ததன் காரணமும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. வகுப்பறையிலே அவனை வெளியே நிறுத்திய நாள்கள் என் நினைவுக்கு வந்தன. அந்த விரல்கள் அன்று எந்த முழக்கத்தை மறக்கத் தாளம் போட்டனவோ! கேட்க வேண்டிய நான் கேட்கவில்லை.

ஒன்பதரை மணிக்கு அவன் இறங்கத் தொடங்கினான். வேகம் பாட்டுக்குப் பாட்டுத் தணிந்தது. இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிகளைக் கட்டுப்படுத்தும் உயர் நீதிமன்றத்தின் 2007ஆம் ஆண்டுக் கட்டளை நமது நாட்டிலே உண்டு. ஆனால், சட்டத்துக்குப் பயந்து திடீரென நிறுத்துவது வேறு. சபையைக் கைப்பிடித்து வீட்டுவாசல்வரை கொண்டுபோய் விடுவது வேறு. 2018ஆம் ஆண்டு மார்கழியிலே பெருமழை கொட்டி, இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் தவித்ததை நாம் அறிவோம். கட்டுக்கு மிஞ்சிய நீர் பயிரைக் கெடுப்பதுபோலக் கட்டுக்கு மிஞ்சிய ஒலியும் மகிழ்ச்சியைக் கெடுக்கும். கடைசிப் பாட்டு ஒரு தாலாட்டைப்போல் ஓய்ந்தபோது, வயலிலிருந்து பூச்சிகளின் ஒலி தெளிவாகக் கேட்டது.

மறுநாட் காலை, நந்திக்கடலோரத்திலுள்ள வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குச் சென்று வழிபட்டேன். வைகாசிப் பொங்கலன்று மக்கள் வெள்ளத்தால் நிறையும் அவ்விடம் அன்று அமைதியாயிருந்தது. கடல்நீரில் விளக்கெரியும் அற்புதத்தால் நாடறிந்த தலம் அது. மதுரையை எரித்த கண்ணகி ஈழத்துக்கு வந்து, இடந்தோறும் தங்கி, பத்தாவதாக இங்கே அமர்ந்தாள் என்பது ஊர்வழக்கு. பொங்கலுக்குப் பறை முழங்கி மக்களை எழுப்புவதும் உண்மை; எழுப்பிய உள்ளத்தைத் தாயின் காலடியிலே குளிரச் செய்து அனுப்புவதும் உண்மை. முந்திய இரவு அந்த இளைஞனிடம் நான் கண்டதும் இதுவே. கூட்டத்தை எழுப்பப் பலருக்குத் தெரியும். தணிக்கத் தெரிந்தவனே கலைஞன்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை இந்தக் கருவியின்மேல் ஆசைப்பட்டால், என்னைப்போல் உடனே முகஞ்சுளிக்க வேண்டாம். மாணவர்களே, நீங்கள் இதைக் கற்க விரும்பினால், விலையுயர்ந்த பெட்டியை வாங்குவதற்கு முன் எண்ணப் பழகுங்கள், கேட்கப் பழகுங்கள். இசை நிகழும் இடங்களிலே ஒலி சராசரி 100 டெசிபெலை மிஞ்சலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டிலே வரையறுத்தது. அந்த அளவைக் கருவி காட்டும். கடைசி வரிசையிலிருக்கும் ஆச்சியின் அளவை எந்தக் கருவியும் காட்டாது; அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ஊர் திரும்பிய அடுத்த வாரம், பாடம் நடந்துகொண்டிருந்தபோது, பின்வரிசையிலே ஒரு பையன் மேசையில் தாளம் போட்டான். வகுப்பு முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் எட்டு எண்ணும்வரை பேசாமல் நின்று கேட்டேன். தாளம் பிசகவில்லை. பிறகு பாடத்தைத் தொடர்ந்தேன்.