பாயின்ட் போடாத பையன்

கூடைப்பந்து ஆடிவிட்டு வந்த மகனிடம் சங்கரன்கோவில் அம்மா ஒருவர் கேட்டார்: “எத்தனை பாயின்ட் போட்டல?”

“ஒண்ணுமில்லம்மா.”

“அப்போ எதுக்குல போற?”

“ஆடித்தபசுக் கூட்டத்துல என்னை யாரும் இடிக்காம அப்பா நின்னாங்கல்லா, அந்த வேலைதான் எனக்கு.”

அதற்குப் பெயர் ‘ஸ்கிரீன்’. ‘கார்டு’ எனப்படும் வீரர் பந்தில்லாமல் ஓடுவார். உயரமான சக வீரர் குறுக்கே தூணாக நிற்பார். துரத்தி வருபவர் அவரைச் சுற்றிவரும் ஒரு நொடியில், கார்டின் கைக்குப் பந்து வர வேண்டும். நின்றவர் நகர்ந்து இடித்தால் ஃபவுல்.

2015-16 என்.பி.ஏ. சீசனில் ஸ்டீபன் கரி 402 மூன்று புள்ளிக் கூடைகள் போட்டார். அவற்றில் பலவற்றுக்கு இப்படி யாரோ மறித்து நின்றிருக்கிறார்கள். ஸ்கோர் ஷீட்டில் அதற்குக் கட்டமே கிடையாது.

அடுத்த மேட்சுக்கு அம்மாவும் போனார். கூடை விழுந்தது. எல்லோரும் போட்டவனைப் பார்த்துக் கைதட்ட, அவர் மட்டும் தோளைத் தடவிக்கொண்டு நின்றவனைப் பார்த்துத் தட்டினார்.