கழுத்துப்பட்டையில் ஒரு குறி

மட்டாஞ்சேரியின் பஜார் சாலையில் மிளகும் சுக்கும் மணக்கும் பழைய கிடங்குகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் ஒன்றன் வாயிலில், ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஐவர் ஆறு நிமிடத் திகில் படம் ஒன்றைக் கைப்பேசியில் எடுத்தனர். கதையும் இயக்கமும் ஒரு மாணவியுடையவை. அவள் தந்தை ஃபோர்ட் கொச்சி டோபிகானாவில் துணி தேய்ப்பவர். அங்குத் தொழில் செய்வோரின் முன்னோர், டச்சுக்காரர் காலத்தில் படையினரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் என்பர்.

படத்தின் கதை எளியது. இரவில் ஓர் ஏலக்காய் மூட்டை காணாமற்போகிறது; காவலாளி தேடுகிறார்; கடைசி நிமிடத்தில் திருடன் அகப்படுகிறான்.

வகுப்பில் படம் திரையிடப்பட்டது. பார்த்தவர்கள் தத்தம் கருத்தைச் சீட்டில் எழுதித் தரவேண்டும். எடுத்தவர்கள் மறுவாரம் எழுத்திலேயே விடையளிக்கவேண்டும். இது ஆசிரியை வகுத்த முறை. ‘இசை பேச்சை விழுங்கிவிட்டது’ என்றது ஒரு சீட்டு. ‘முடிவில் திடுக்கிட்டோம், ஆனால் அதுவரை அச்சமே வரவில்லை’ என்றது மற்றொன்று. ‘ஒரு துரத்தல் காட்சி வேண்டும்’ என்று மூவர் எழுதியிருந்தனர். மலையாளத்தில் இருந்த ஒரு சீட்டில் ஒரே வரி: ‘திருடன் மட்டும் ஏன் தமிழ் பேசுகிறான்?’

அவளுக்குச் சினம் மூண்டது. திருடனாக நடித்தவனுக்குத் தமிழே சரளம். திரைப்படங்களிலும் அப்படித்தானே காட்டுகிறார்கள். கேட்டவளுக்குக் கலை தெரியாது. இவ்வாறு ஒரு பக்கம் நிறைய விடை எழுதினாள். அன்றிரவு பாட்டி படத்தைப் பார்த்தார். முடிந்ததும், “அந்தத் திருடன் நம் ஊர்க்காரனா, கண்ணு?” என்று இயல்பாகக் கேட்டார். அவள் எழுதிய பக்கத்தைக் கிழித்தாள்.

மறுநாள் குழுவில் வாக்குவாதம் எழுந்தது. ‘திருடனை மலையாளம் பேசவைப்போம்’ என்றான் ஒருவன். அதனால் பழி இடம் மாறுமேயன்றித் தீராது என்று அவள் மறுத்தாள். வழி, தந்தையின் மேசையருகே கிடைத்தது. சலவைக்கு வரும் துணிகள் கலந்துவிடாதபடி கழுத்துப்பட்டையின் உட்புறம் சிறு குறி இடுவது பழைய வழக்கம். சேங்கொட்டைச் சாற்றால் இட்ட குறி எத்தனை முறை வெளுத்தாலும் அழியாது. இந்தியாவில் காவல்துறையினர் இக்குறிகளைக் கொண்டு ஆளை அடையாளம் கண்டதும் உண்டு. திருடன் தன் சட்டையைக் கிடங்கிலேயே விட்டுச் சென்றால்?

புதிய படத்தில் திருடன் வாய் திறப்பதே இல்லை. அவன் கைகள் மட்டும் தெரிகின்றன. தமிழ் பேசுபவர், குறியைப் படிக்கத் தெரிந்த சலவைத் தொழிலாளி. திகில் பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் கூறிய ஒன்றை ஆசிரியை நினைவூட்டினார். மேசையடியில் குண்டு இருப்பது பார்ப்பவருக்குத் தெரியாமல் வெடித்தால் பதினைந்து நொடி அதிர்ச்சி. முன்பே தெரிந்திருந்தால் பதினைந்து நிமிடப் பதைப்பு. ஆகவே குறி முதல் நிமிடத்திலேயே காட்டப்பட்டது. பார்ப்பவர் அதை அறிவர், திருடன் அறியான். அவன் அதே சலவைக் கூடத்திற்கு அடுத்த சட்டையை எடுத்து வருகிறான். முறுக்கிய இரட்டைக் கயிறுகளின் இடையே நுனி செருகி உலர்த்திய வெண்துணிகளுக்குப் பின்னால் அவன் நிழல் நகர்கிறது.

இசையைக் குறைத்தாயிற்று. துரத்தல் காட்சி மட்டும் சேர்க்கப்படவில்லை. (பள்ளிப் படங்களில் ஓடாத கால்களே அரிது.) ‘திருடன் ஓடத் தொடங்கினால், தான் கண்டுபிடிக்கப்பட்டதை அவன் அறிந்துவிட்டான் என்றாகும், பதைப்பு அங்கேயே முடிந்துவிடும்’ என்று அம்மூவருக்கும் அவள் விடை எழுதினாள். அவர்களுள் இருவர் ஏற்றனர். ஒருவன் இன்றுவரை ஏற்கவில்லை.

மலையாளச் சீட்டிற்கான விடை சிறியது: ‘நீ கேட்டது சரி. நான் யோசிக்காமல் எடுத்துவிட்டேன். மாற்றிய படத்தைப் பார்த்துச் சொல்.’

இரண்டாம் முறை திரையிட்டபோது, சட்டை மேசைமீது விரிக்கப்பட்ட இடத்தில் வகுப்பு ஓசையற்றுப்போனது. விளக்குகள் எரிந்ததும், அச்சீட்டை எழுதியவள் தன் கழுத்துப்பட்டையைத் திருப்பி அருகிலிருந்தவளிடம் காட்டி, ஏதேனும் குறி தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.