மேகத்துக்குப் பின்னால் மலை

பாயசத்தை அடுப்பிலிருந்து இறக்கும்போது இரண்டு ஏலக்காயைத் தட்டிப் போடாத வீடு உண்டா? அந்த ஏலக்காய் உங்கள் சமையலறைக்கு வருமுன் போடிநாயக்கனூரில் ஒரு பொழுது தங்கிவிட்டு வந்திருக்கக் கூடும். மலைமேல் கேரள எல்லைக்குள் விளைகிற காய், விலை பேசப்படுவதற்கு இந்த ஊருக்கும் இறங்கி வருகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலம் இங்கே கம்ப்யூட்டர் மூலம் நடக்கிறது. கடைகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, காயைப் பருமன் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பச்சைக் காய்க்குத் தனி மதிப்பு!

இந்த வாரம் அந்தப் பக்கம் போய் வருவோம், வாருங்கள். முன்பு மதுரையிலிருந்து மீட்டர் கேஜ் வண்டி ஒன்று ஆடி அசைந்து போடிக்குப் போய்க்கொண்டிருந்தது. 1928-ல் ஏற்பட்ட பாதை அது. அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010-ம் ஆண்டின் கடைசியில் அதை நிறுத்தினார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் காக்க வைத்துவிட்டு, 2023 ஜூன் 15-ல் போடிக்கு மறுபடியும் ரயில் வந்தது; அதுவும் சென்னையிலிருந்தே!

போடியிலிருந்து தேவாரம் போகும் சாலையில் இருக்கிறது சிலமலை. பெயரிலேயே மலை இருக்கிற ஊர். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் ஏலமலைச் சரிவு சுவர் எழுப்பினாற்போல் நிற்கிறது. தெற்கும் கிழக்குமாகத் திரும்பினால் கம்பம் பள்ளத்தாக்கு; தென்னந்தோப்பும் வாழைத் தோட்டமும் வயலுமாக விரிந்து கிடக்கிறது. அதற்கு அப்பால், சின்னமனூருக்குப் பின்னே, மேகமலைத் தொடர். அந்த மலைக்குப் பேர் வைத்தவர் வாயில் சர்க்கரை போட வேண்டும். மழைக்காலத்தில் மேகம் எது, மலை எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அந்த மேகத்தைப் பற்றித்தான் இன்று உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

வராத விமானம்

1971 டிசம்பர் 9. பாகிஸ்தானுடன் போர் தொடங்கி ஆறு நாள் ஆகியிருந்தது. திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று, மதுரையில் வந்து இறங்கவில்லை. 'ஆவ்ரோ' என்று எல்லோரும் அழைத்த இரட்டை எஞ்சின் விமானம். உள்ளே 31 பேர். மதுரை விமான நிலையத்துக்கு ஏறக்குறைய 50 மைல் இருக்கும்போது, சின்னமனூர்ப் பக்கத்து மலையில் மோதிவிட்டது. விமானச் சிப்பந்திகள் நால்வரும், பிரயாணிகளில் 17 பேரும் மாண்டார்கள். பத்துப் பேர் பிழைத்தார்கள்.

நடந்தது பகல் வேளையில்தான். ஆனால் எதிரே இருப்பது சரியாகக் கண்ணுக்குத் தெரியாத நிலை. திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வருகிற விமானம் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டித்தான் ஆகவேண்டும். பிரயாணமோ குறுகியது. ஏறி முடித்தோம் என்பதற்குள் இறங்க ஆரம்பிக்க வேண்டும். மலையைத் தாண்டிய பிறகு இறங்கினால் கீழே சமவெளி. தாண்டுவதற்கு முன் இறங்கினாலோ, மேகத்துக்குப் பின்னால் மலை!

அந்த விமானம் விழுந்த மலை எது என்று சிலமலை டீக்கடை ஒன்றில் விசாரித்தேன். மூன்று பேர் மூன்று திசையில் கை காட்டினார்கள். ஒருவர், "அது போர் விமானம், அண்ணே" என்றார். இன்னொருவர், அதில் பெட்டி பெட்டியாகப் பணம் இருந்ததாகச் சாதித்தார். "நீங்கள் பார்த்தீர்களா?" என்றேன். "நான் அப்போ பொறக்கவே இல்லையே!" என்று சிரித்தார். பக்கத்தில் கீரைக்கட்டோடு நின்றிருந்த ஒரு பாட்டி மட்டும் சிரிக்கவில்லை. "எந்த மலையா இருந்தா என்ன, தம்பி? மதுரையில எத்தனை வீட்டுல சோத்தை ஆக்கி வச்சுட்டுக் காத்துக்கிட்டு இருந்தாங்களோ!" என்றாள்.

விமானம் ஒன்று காணாமல் போனால் ஊரார் பேச்சு ஒரு பக்கம் கிளம்புகிறது. காத்திருப்பவர் வீடு இன்னொரு பக்கம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அந்தப் பாட்டி ஒரே வார்த்தையில் அளந்துவிட்டாள்.

கோத்தகிரிக்கு வந்த பேராசிரியர்

தமிழ்நாட்டு மலை விமானத்தைப் பலி கொண்டது அதுவே முதல் தடவை அல்ல. 1950 டிசம்பர் 13-ல் பம்பாயிலிருந்து வந்த ஏர் இந்தியா டகோடா விமானம் நீலகிரியில் கோத்தகிரி அருகே மோதியது. அதில் இருந்த 21 பேரில் ஒருவரும் தப்பவில்லை. வழியைக் கணித்ததில் ஏற்பட்ட பிழையே காரணம் என்று முடிவாயிற்று.

இறந்தவர்களில் ஒரு தம்பதி இருந்தார்கள். கணவர் ஆபிரகாம் வால்ட்; அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக் கழகப் பேராசிரியர், உலகப் புகழ் பெற்ற புள்ளியியல் நிபுணர். இந்தியாவில் பிரசங்கம் செய்ய அழைக்கப்பட்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தவர். குழந்தைகள் இருவரும் அமெரிக்காவில். மூன்று வயதுப் பையனாக இருந்த ராபர்ட் பின்னாளில் பெரிய பௌதிகப் பேராசிரியர் ஆனார்.

இந்த வால்ட் செய்த காரியம் ஒன்றைக் கேளுங்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, போருக்குப் போய்த் திரும்பிய விமானங்களில் எங்கெங்கே குண்டு துளைத்திருக்கிறது என்று கணக்கு எடுத்தார்கள். துளை அதிகமான இடத்தில்தானே தகடு போட்டுப் பலப்படுத்த வேண்டும் என்று நமக்குத் தோன்றும். வால்ட் யோசித்ததோ வேறு விதம். "திரும்பி வந்தவற்றை மட்டும் பார்க்கிறோம், வராதவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்" என்பது அவர் கணிதத்தின் சாரம். துளைபட்டும் திரும்பி வந்தது என்றால், அந்த இடத்தில் அடிபட்டால் மோசமில்லை. திரும்பி வந்த விமானங்களில் துளையே காணப்படாத இடம் எதுவோ, அங்கே அடிபட்டவைதான் திரும்பவில்லை!

வதந்திக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்துகிறது. ஒரு விமானம் விழுந்தால் நூறு பேர் நூறு யூகம் சொல்வார்கள். தொண்ணூற்றொன்பது பொய்த்துப் போகும். அவற்றை யாரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை. ஒன்று தற்செயலாகப் பலித்துவிட்டால், "நான் அன்றைக்கே சொன்னேனே!" என்று வருஷக் கணக்கில் அது மட்டும் ஊரைச் சுற்றி வரும். நம் காதுக்கு வருவது எல்லாம் திரும்பி வந்த யூகங்கள். விழுந்துபோனவற்றை எண்ணியவர் யார்?

பனி திருப்பிக் கொடுத்த பத்திரிகை

1966 ஜனவரி 24-ல் 'காஞ்சன்ஜங்கா' என்ற ஏர் இந்தியா போயிங் விமானம் ஐரோப்பாவில் மாண்ட் பிளாங்க் சிகரத்தில் மோதியது. 117 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் நம் அணுசக்தித் துறையின் தந்தை ஹோமி பாபா. லால் பகதூர் சாஸ்திரி தாஷ்கண்டில் காலமாகி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. சதி என்ற பேச்சு எழக் கேட்பானேன்! அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

பிரெஞ்சு விசாரணை கண்டது வேறு. விமானத்தின் திசை காட்டும் கருவிகளில் ஒன்று வேலை செய்யவில்லை. சிகரத்துக்கு அவர்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்று தரையிலிருந்து ஒருவர் ரேடியோவில் சொன்னார். அதைக் கேட்ட விமானி, சிகரத்தைத் தாண்டியாயிற்று என்று எண்ணிக் கீழே இறங்கலானார். ஒருவர் சொன்னதை மற்றவர் வேறு விதமாகப் புரிந்துகொண்டார், அவ்வளவுதான். பெரிய மனிதர் ஒருவர் மறைந்ததற்குக் காரணமும் பெரியதாக இருக்க வேண்டும் என்று நம் மனசு கேட்கிறது. விபத்துக்கு அந்த மரியாதை தெரியாது.

அந்தச் சிகரத்துப் பனி மெல்ல நகர்ந்து, தான் விழுங்கியதை ஒவ்வொன்றாகக் கீழே கொண்டு வருகிறது. 2012-ல் இந்திய அரசின் தபால் பை ஒன்று கிடைத்தது. 2020-ல் வெளிவந்தவை எவை தெரியுமா? இந்திரா காந்தி நாட்டின் முதல் பெண் பிரதமர் ஆகிறார் என்று சேதி தாங்கிய 1966-ம் வருஷத்துப் பத்திரிகைகள்! ஐம்பத்து நான்கு வருஷம் பனிக்குள் கிடந்தும் எழுத்து அழியவில்லை.

கடல் அவ்வளவு தாராளம் அல்ல. 1998 செப்டம்பர் 29-ல் யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட லயன் ஏர் விமானம், 55 பேரோடு மறைந்தது. பிரயாணிகள் 48 பேரும் தமிழர்கள். யுத்த காலம், தேடுவதற்கு வழியில்லை. பதினான்கு வருஷம் கழித்து, 2012-ல், இரணைதீவுக் கடலடியில் விமானத்தின் பாகங்களைக் கண்டார்கள். 2014-ல் கிடைத்த துணிமணிகளை யாழ்ப்பாணத்தில் பரப்பி வைத்து, "உங்களவருடையது இருக்கிறதா, பாருங்கள்" என்று உறவினரை அழைத்தார்கள். சகோதரிகளே, ஒரு சட்டையை அடையாளம் காண்பதற்காகப் பதினைந்து வருஷம் காத்திருந்து, அந்த வரிசையில் போய் நிற்பது எப்படி இருக்கும்? உடல் கிடைக்காத வீட்டில் நம்பிக்கை சாவதில்லை; துக்கமும் முடிவதில்லை. வெளியார் போகிற போக்கில் சொல்கிற "எங்கோ உயிரோடு இருக்கிறார்களாம்" என்ற ஒரு வார்த்தை, அந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குத் தூக்கத்தைக் கெடுக்கும்.

நம் தாம்பரத்திலிருந்து 2016 ஜூலை 22-ல் போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட விமானப்படை விமானமும் 29 பேரோடு மறைந்தது. ஏழரை வருஷம் கழித்துத்தான், சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லாக் கருவி அதன் பாகங்களைப் படம் பிடித்தது. சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தூரம். 3,400 மீட்டர் ஆழம். இந்தச் செய்தி வெளியானது 2024 ஜனவரியில்.

ஒன்பது வயதுப் பையன்

காணாமல் போன விமானத்தைப் பற்றிப் பேசாமல், அதற்கு ஒரு வழி செய்தவர் கதையும் உண்டு. 1934-ல் ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே, கடலின் மேல் பறந்த 'மிஸ் ஹோபார்ட்' என்ற விமானம் பன்னிரண்டு பேரோடு மறைந்தது. அதில் போன ஒரு பாதிரியாரின் மகன் டேவிட் வாரனுக்கு அப்போது ஒன்பது வயது. தகப்பனார் கடைசியாக வாங்கிக் கொடுத்த பரிசு, ஒரு சிறு ரேடியோ செட். அதை நோண்டி நோண்டியே பையன் விஞ்ஞானியானான்.

1953 மே மாதம் கல்கத்தாவில் கிளம்பிய 'காமெட்' ஜெட் விமானம் புயலில் உடைந்து 43 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டில் மேலும் இரு காமெட்கள் விழுந்தன. காரணம் தெரியாமல் நிபுணர்கள் விழித்தார்கள். அந்த ஆராய்ச்சியில் கலந்துகொண்ட வாரனுக்கு ஒன்று தோன்றியது: விமானிகள் கடைசியாகப் பேசியது பதிவாகியிருந்தால், இத்தனை யூகம் எதற்கு? அதிலிருந்து பிறந்ததுதான் 'கறுப்புப் பெட்டி'. பெயர்தான் கறுப்பு, கண்ணில் படுவதற்காக அதற்குப் பூசுவது ஆரஞ்சு வர்ணம்.

மலைக்கும் மருந்து வந்துவிட்டது. தரை நெருங்கினால் "மேலே தூக்கு!" என்று விமானியைக் கூவி எச்சரிக்கும் கருவி எழுபதுகளில் பரவியது. பின்னர் உலகத்து மலைகளின் படத்தையே அதற்குள் வைத்துவிட்டார்கள். 

யூகம் மட்டும் குறையவில்லை. 2025 ஜூன் 12-ல் ஆமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து 260 பேர் மாண்டார்களே. அன்று மாலைக்குள் எத்தனை தீர்ப்புகள் உங்கள் கைபேசிக்கு வந்து சேர்ந்தன! விசாரணைக்காரர்களின் முதல் அறிக்கையோ ஒரு மாதம் கழித்து, ஜூலை 12-ல்தான் வந்தது. உலக வழக்கப்படி முதல் அறிக்கைக்கு முப்பது நாள். முடிவான அறிக்கைக்குக் கூடியவரை பன்னிரண்டு மாதம். சாம்பாருக்குப் பருப்பு வேகவே நேரம் கொடுக்கிற நாம், உண்மை வேகவும் கொஞ்சம் பொறுக்கலாம் அல்லவா?

சந்தேகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேள்வி கேட்கிறவர்களால்தான் விசாரணைகள் நேர்மையாக நடக்கின்றன. ஆனால் கேள்வி வேறு, கட்டுக்கதை வேறு. கேள்வி பதில் வரும்வரை காத்திருக்கும். கட்டுக்கதைக்குப் பதில் தேவையே இல்லை.

சிலமலையில் அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ஏலத் தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு விடியுமுன் மலையேறும் ஜீப்புகள், இருட்டுகிற நேரத்துக்கு ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. ஒன்று மட்டும் வரவில்லை. சாலை ஓரத்தில் பிள்ளைகளோடு நின்றவர்கள் மலையைப் பார்த்தார்கள். மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. என்ன ஆகியிருக்கும் என்று அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டு இளைஞர்கள் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினார்கள். அரை மணியில் ஜீப்பின் வெளிச்சம் வளைவில் தெரிந்தது. சக்கரம் பஞ்சராம்!

ஒரு சிறுமி ஓடிப் போய் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் கூடியிருந்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள்.