நாயின் கழுத்தில் ஒரு ரசீது

பெர்லின் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் மாடியில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் நாயோடு இருக்கிறார். இருவரும் படியிறங்கினால் முதலில் கேட்பது கிணுகிணுவென்ற சத்தம். நாயின் கழுத்துப்பட்டையில் தொங்கும் சின்னத் தகடு அது. அழகுக்குப் போட்டதல்ல, வரி கட்டியதற்கு அத்தாட்சி.

பெர்லினில் முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ வரி. இரண்டாவதை வாங்கினால் அதற்கு 180. நாய் வைத்திருப்பது ஆடம்பரம் என்று 1810-இல் பிரஷ்யா போட்ட வரியின் வாரிசு இது. வசூலாகும் பணம் நாய்களுக்கென்று ஒதுக்கப்படுவதில்லை. பொதுக் கஜானாவுக்குப் போகிறது. வீதியில் நாய் போட்டதை அள்ளுவது அப்போதும் வளர்ப்பவர் வேலைதான்.

ஆசிரியையின் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் மாதக் கணக்குத் தாள் ஒட்டியிருக்கிறது. உணவு, பன்னிரண்டாய் வகுத்த வரி, காப்பீடு. நாய் யாரையாவது கடித்தாலோ சைக்கிள்காரரைக் கவிழ்த்தாலோ ஈடுகட்டும் அந்தக் காப்பீடு பெர்லினில் கட்டாயம். மகள் வீட்டுக்கு ரயிலில் போனால் நாய்க்கும் பயணச்சீட்டு. வீட்டுப் பூனை அளவுக்குள் அடங்கி, கூடையில் போகிற நாய்க்கு இலவசம்.

இதெல்லாம் தெரிந்த செலவு. பட்ஜெட்டில் ஓட்டை போடுவது மருத்துவச் செலவு.

கால்நடை மருத்துவர்களின் கட்டணத்தை ஜெர்மனியில் அரசே நிர்ணயிக்கிறது. பட்டியலில் உள்ளதற்குக் குறையக் கூடாது. மூன்று மடங்கு வரை வாங்கலாம். 2022 நவம்பரில் பட்டியல் திருத்தப்பட்டபோது, நாயைப் பொதுவாகப் பரிசோதிக்கும் அடிப்படைக் கட்டணம் 13.47 யூரோவிலிருந்து 23.62 ஆனது. ராத்திரியிலும் வாரக்கடைசியிலும் அவசரமென்று ஓடினால் குறைந்தது இரு மடங்கு, அதாவது 47.24. அதன்மேல் அவசரக் கட்டணம் 50. மொத்தத்துக்கும் 19 சதவீத மதிப்புக் கூட்டு வரி. ஆக 115.72 யூரோ. ஓராண்டு நாய் வரிக்கு நாலே கால் யூரோதான் குறைவு. இது தொட்டுப் பார்த்ததற்கு மட்டும். ஊசி, மருந்து, எக்ஸ்ரே தனி.

அப்படியொரு ஞாயிறு ராத்திரி ரசீது அந்தக் கணக்குத் தாளுக்குப் பின்னால் செருகிக் கிடக்கிறது. அன்றிலிருந்து மாதாமாதம் ஓய்வூதியம் வந்ததும் ஐம்பது யூரோவைத் தனிக் கணக்கில் போட்டுவிடுகிறார். நாய்க்கு இப்போது பதினொரு வயது. இந்த மாதத் தாளில் 50 அடிக்கப்பட்டு, பக்கத்தில் பென்சிலால் 70 என்று எழுதியிருக்கிறது.