தனக்குத் தானே எல்லையிட்ட சிற்றூர்

இங்கிலாந்தின் டார்பிஷயர் பகுதியில், ஷெபீல்டு நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், குன்றுச் சரிவில் அமைந்துள்ளது ஈம் என்னும் சிற்றூர். ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழும் இவ்வூரில் புனித லாரன்ஸ் பெயரால் பழமையான ஆங்கிலிக்கன் ஆலயம், தொடக்கப்பள்ளி, தேநீர்க் கடை, விடுதி, 1994இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் ஆகியன உள்ளன. 1588ஆம் ஆண்டிலேயே ஊற்று நீரைக் கொணர்ந்து தெருக்களில் கல்தொட்டிகள் அமைத்ததை ஊரார் பெருமையுடன் கூறுவர். ஆயினும் பயணிகள் இங்கு வருவதன் காரணம் வேறு.

1665ஆம் ஆண்டு இலண்டனிலிருந்து ஒரு துணிக்கட்டு இவ்வூர்த் தையற்காரர் வீட்டிற்கு வந்தது. அதனுடன் கொள்ளைநோயைப் பரப்பும் தெள்ளுப்பூச்சிகளும் வந்தன என்பர். செப்டம்பர் மாதத்தில் தையற்காரரின் உதவியாளர் ஜார்ஜ் விக்கர்ஸ் முதலில் மாண்டார். குளிர்காலத்தில் தணிந்த நோய், அடுத்த கோடையில் மீண்டும் சீறி எழுந்தது.

அக்காலத்தில் ஆலயப் பொறுப்பிலிருந்தவர் வில்லியம் மாம்பெசன். முப்பது வயதும் நிரம்பாதவர். முன்பு அப்பொறுப்பை வகித்த தாமஸ் ஸ்டான்லி, அரசு விதித்த செபநூலை ஏற்க மறுத்துப் பதவி இழந்தவர். அவரும் அங்கேயே வாழ்ந்தார். மக்களின் பற்று அவர்பாலே இருந்தது. பழைய மேய்ப்பரும் புதியவரும் ஒரே ஊரில் இருப்பின் நேரும் சங்கடத்தைப் பங்கு மக்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை! அவ்விருவரும் 1666 ஜூன் மாதத்தில் ஒருங்கே நின்று, எவரும் ஊரெல்லையைக் கடக்கலாகாது என வேண்டினர். மக்கள் இசைந்தனர். ஆலயம் மூடப்பட்டது, வழிபாடு கக்லெட் டெல்ப் என்னும் பள்ளத்தாக்கில் திறந்தவெளியில் நடந்தது. இறந்தோரை அவரவர் குடும்பத்தாரே தோட்டத்திலும் வயலிலும் புதைத்தனர்.

டெவன்ஷயர் பிரபு உணவுப் பொருள்களை அனுப்பி உதவினார். ஸ்டோனி மிடில்டன் செல்லும் வழியில் குழிகளுடன் கூடிய எல்லைக்கல் ஒன்றை இன்றும் காணலாம். அக்குழிகளில் காடி ஊற்றி, அதில் காசுகளை இட்டுச் செல்வர். அயலூரார் பண்டங்களை வைத்து அவற்றை எடுத்துக்கொள்வர்.

நோய் ஓய்ந்தபோது 260 பேர் மடிந்திருந்தனர். எல்லையிடாதிருந்தால் சாவு குறைந்திருக்கும் என்போரும் உளர். இருக்கலாம், ஆயின் சுற்றியிருந்த ஊர்கள் தப்பின. மாம்பெசன் தம் பிள்ளைகளை முன்னரே வெளியூருக்கு அனுப்பிவிட்டார் என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை. ஆனால் அவர் மனைவி கேத்தரின் உடன்செல்ல மறுத்து, கணவரோடு தங்கி, ஆகஸ்டு மாதத்தில் உயிர்துறந்தார். ஆலய வளாகத்தில், எட்டாம் நூற்றாண்டுக் கற்சிலுவையின் அருகே அவர் கல்லறை உள்ளது.

ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தின் கடைசி ஞாயிறன்று மக்கள் அப்பள்ளத்தாக்கில் கூடி வழிபடுகின்றனர். கால்வலிமை உள்ளோர் ஊருக்குக் கிழக்கே சற்று நடந்து ரைலி கல்லறைகளையும் காண வேண்டும். வயல் நடுவே வட்டமான கற்சுவர். அதனுள் சில நடுகற்கள். எலிசபெத் ஹான்காக் என்னும் தாய், எட்டு நாள்களுக்குள் தம் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் அங்கே தம் கையாலேயே புதைத்தார்.